அக்கரையில் எதிர்க்கட்சிகள்: இடங்களின் எண்ணிக்கை வேறு, பலம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடங்களோடு ஆட்சி நடத்துகிறது. இதைச் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் "அங்கே இப்போது எதிர்க்கட்சி என்றே ஒன்று இல்லை" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், தேவிபட்டினம், தொண்டி வரையுள்ள ஊர்களிலும் வாழ்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். கொழும்பில் ஒரு சட்டம் கையெழுத்தானால் அதன் விளைவை இங்குள்ள படகுக்காரர் குடும்பங்கள் அனுபவிக்கின்றன. அந்தச் சட்டத்தைத் தடுப்பதும் திருத்துவதும், சில வேளைகளில் அதைக் கொண்டுவருவதும் எதிர்க்கட்சிதான். ஆகவே அந்த எதிர்க்கட்சி ஏன் இளைத்தது, இப்போது எங்கே நிற்கிறது, அதன் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் தந்து வெளியிட வேண்டுகிறோம்.

முதலில், நம் கரை மறக்கக் கூடாத ஒரு சட்டம். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் கடலடியை வாரும் இழுவை மடிக்குத் தடை விதித்தது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 இலங்கை ரூபாய் அபராதம். அந்தத் தடையைத் தனிநபர் மசோதாவாக அவைக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம்.ஏ.சுமந்திரன். அப்போது அவர் அமைச்சரும் இல்லை, ஆளுங்கட்சிக்காரரும் இல்லை. அவருடைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 225 பேர் கொண்ட அவையில் இருந்தது 16 இடம். இரண்டு பெரிய சிங்களக் கட்சிகளும் சேர்ந்து அரசு அமைத்திருந்ததால், அந்த 16 பேரின் தலைவர் இரா.சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அடுத்து 2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம், படகின் நீளத்தைப் பொறுத்து 50 லட்சம் முதல் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை உயர்ந்தது. இந்தச் சட்டங்கள் நியாயமா என்பது இந்தக் கடிதத்தின் பொருள் அல்ல; வடக்கு மீனவர்களுக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது, நம் விசைப்படகுக் குடும்பங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 16 இடம் வைத்திருந்த ஓர் எதிர்க்கட்சியின் மசோதா பாக் நீரிணையின் மீன்பிடிப்பையே மாற்றியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நம் ஊர்த் தலைவர்கள் அன்று சந்தித்துப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்த 16 பேரில் இருந்தவர்கள்?

இனி இன்றைய கணக்கு. 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 சதவீத வாக்கு, 159 இடம். அரசமைப்பைத் திருத்த 150 போதும். சஜித் பிரேமதாசவின் ஐக்கிய மக்கள் சக்திக்கு 17.66 சதவீதம், 40 இடம். இலங்கைத் தமிழ் அரசுக் கட்சிக்கு 8, புதிய ஜனநாயக முன்னணிக்கு 5, ராஜபக்ச குடும்பத்தின் பொதுஜன பெரமுனவுக்கு 3, முஸ்லிம் காங்கிரசுக்கு 3. மீதி ஏழு இடமும் ஏழு தனித்தனிப் பெயர்களில். ஆக ஆளுங்கட்சிக்கு எதிரில் உள்ள 66 பேர் பன்னிரண்டு பெயர்களில் வந்தவர்கள்.

இதில் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐக்கிய மக்கள் சக்தி பெற்ற 40 இடம் 225இல் 17.8 சதவீதம், வாங்கிய வாக்குக்குச் சரியாக இடம் கிடைத்திருக்கிறது. அப்படியானால் ஆளுங்கட்சி 61.56 சதவீத வாக்குக்கு 70 சதவீத இடத்தை எங்கிருந்து பெற்றது? முதல் இரண்டு கட்சிகளையும் விட்டால் மீதமிருந்த வாக்கு 20.8 சதவீதம், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். அந்த வாக்குகளுக்குக் கிடைத்தது 26 இடம், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. சிதறிய வாக்குகளின் இடங்கள்தான் மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. விகிதாசார முறையில் ஒவ்வொரு வாக்குக்கும் பலன் உண்டு என்று நம்புகிறவர்கள் அந்த முறைக்குள் இருக்கும் இரண்டு விதிகளைக் கவனிப்பதில்லை. மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் இடம் முதலிலேயே ஒதுக்கப்படும். மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கிய பட்டியல் கணக்கிலிருந்தே நீக்கப்படும். 22 மாவட்டங்களில் 21இல் போனஸ் இடம் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. மட்டக்களப்பு மட்டும் விலக்கு. அங்கே முதலிடம் தமிழ் அரசுக் கட்சிக்கு.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இது கண்முன்னே தெரியும். கிளிநொச்சியையும் சேர்த்து அங்கே 6 இடம். ஒவ்வொரு பட்டியலிலும் 9 பெயர். 44 பட்டியல்கள் களத்தில் இருந்தன; ஆறு இடத்துக்கு 396 பேர்! தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்கு, 24.85 சதவீதம். தமிழ் அரசுக் கட்சிக்கு 63,327. தமிழ்க் காங்கிரசுக்கு 27,986. சுயேச்சைக் குழு 17க்கு 27,855. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு ஏறக்குறைய 22,500. ஈ.பி.டி.பி. எனப்படும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு ஏறக்குறைய 17,700. மற்ற பட்டியல்கள் அனைத்தும் 5 சதவீதத்துக்குக் கீழே நின்று கணக்கிலிருந்து வெளியேறின.

அதிக வாக்குக்கான போனஸ் இடம் முதலில் தேசிய மக்கள் சக்திக்கு. மீதி 5 இடம். கணக்கில் நிற்கும் ஆறு பட்டியல்களின் வாக்கைக் கூட்டினால் சுமார் 2,40,000. அதை 5ஆல் வகுத்தால் ஓர் இடத்தின் விலை சுமார் 48,000 வாக்கு. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர்கள் இரண்டே பேர். தேசிய மக்கள் சக்திக்கு ஓர் இடம் போக மிச்சம் சுமார் 32,800. தமிழ் அரசுக் கட்சிக்கு ஓர் இடம் போக மிச்சம் சுமார் 15,300. எஞ்சிய மூன்று இடமும் மிச்ச வாக்கு அதிகமுள்ளவர்களுக்கு: 32,800 வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி, 27,986 வைத்திருந்த காங்கிரஸ், 27,855 வைத்திருந்த சுயேச்சைக் குழு. நாலில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய கட்சிக்கு ஆறில் மூன்று இடம் இப்படித்தான் வந்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. விதி எல்லோருக்கும் முன்பே தெரிந்த விதி.

தமிழ் அரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் பிரதான கட்சிகளான டெலோ, புளொட் இரண்டும் 2023 ஜனவரி வரை மேலே சொன்ன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் ஒன்றாக இருந்தவர்கள். உள்ளூராட்சித் தேர்தலில் தனித்தனியாக நிற்பதென்று பிரிந்தார்கள். 2024இல் ஒரே பட்டியலாக நின்று, அதே வாக்குகளை மட்டும் பெற்றிருந்தால் கூட்டுத்தொகை 85,800ஐத் தாண்டும். அது தேசிய மக்கள் சக்தியின் வாக்கைவிட அதிகம். போனஸ் இடம் இவர்கள் பக்கம் வரும். முழு விலைக்கு ஓர் இடம், மிச்சம் சுமார் 37,800க்கு இன்னோர் இடம். முடிவு 3, 2, 1 என்று மாறியிருக்கும்: கூட்டமைப்புக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 2, காங்கிரசுக்கு 1. ஒரு வாக்காளர்கூட மனம் மாற வேண்டியதில்லை. வேட்புமனுவில் இருந்த இரண்டு தாள்கள் ஒன்றாகியிருந்தால் போதும். இழுவை மடி மசோதாவைக் கொண்டுவந்த சுமந்திரன் அந்தத் தேர்தலில் அவைக்குப் போக முடியாமல் ஆனதும் இதே கணக்குக்குள்தான். கட்சிக்குக் கிடைத்தது ஓர் இடம். பட்டியலுக்குள் தனித்தனி வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கில் முந்தியவர் அதே கட்சியின் சிறீதரன்.

எதிர்க்கட்சி பலவீனமானால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாட்டில் ஏற்கெனவே ஒரு கசப்பான அனுபவம் உண்டு. அதன் மிச்சத்தை மண்டபம் அகதிகள் முகாமில் இன்றும் பார்க்கலாம். 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத வாக்குக்கு 168இல் 140 இடம் பெற்றது. சுமார் 30 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 8 இடம். வடக்கு கிழக்கில் மட்டும் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடத்தோடு பிரதான எதிர்க்கட்சியானது, அ.அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்த ஜே.ஆர்.ஜெயவர்தன 1978இல் புதிய அரசமைப்பைக் கொண்டுவந்தார். 1980இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியுரிமைச் சலுகைகள் ஏழு ஆண்டுக்குப் பறிக்கப்பட்டன. எதிர்த்து நிற்கக்கூடிய பெரிய பெயர் களத்திலிருந்து அகன்றது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்கள் முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டன. 1982 டிசம்பர் 22இல், தேர்தலுக்குப் பதிலாக ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது: இருக்கும் நாடாளுமன்றமே இன்னும் ஆறு ஆண்டு தொடர்வதற்கு விளக்குச் சின்னம், வேண்டாம் என்றால் குடம். 54 சதவீதத்துக்குச் சற்று மேல் விளக்குக்கு விழுந்தது. 1977இல் தேர்ந்தெடுத்த அவை 1988 வரை இருந்தது.

பிறகு 1983 ஜூலை. தமிழர் படுகொலை முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஆகஸ்ட் 8ஆம் தேதி அரசமைப்பின் ஆறாவது திருத்தம் சட்டமானது. பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் மறுத்தார்கள், இருக்கையை இழந்தார்கள். எரிந்த வீடுகளைப் பற்றி அவையில் எழுந்து கேட்க வேண்டியவர்களே அவையில் இல்லை. அகதிகளை இங்கே அனுப்பியது அந்த வன்முறைதான். ஆனால் வன்முறைக்குப் பிறகும் பேசித் தீர்க்க ஒரு வழி மீதமிருந்திருக்கலாம், அந்த வழியும் அடைக்கப்பட்டது என்பதே எங்கள் உறுதியான கருத்து. மூன்றில் இரண்டு என்ற எண்ணைக் கேட்கும்போது நம் கரையில் வயதானவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த 1977 அனுபவத்துக்குப் பிறகு, 1989 முதல் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடக்கின்றன. அதன் பலனாக 35 ஆண்டுக் காலம் எந்தக் கட்சியும் தேர்தலில் நேரடியாக மூன்றில் இரண்டைத் தொடவில்லை. 2010இல் மகிந்த ராஜபக்ச அணிக்கு 144. 2020இல் பொதுஜன பெரமுனவுக்கு 145. இரண்டு முறையும் குறைந்த எண்ணிக்கையை நிரப்பிக் கொடுத்தவர்கள் எதிர்க்கட்சி உறுப்பினர்களே. 2010 செப்டம்பரில் பதினெட்டாவது திருத்தம் 161க்கு 17 என்று நிறைவேறியது. ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் ஜனாதிபதியாகலாம் என்றானது. ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது, அதனால்தான் எதிராக 17. 2020 அக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய இருபதாவது திருத்தத்துக்கு 156 வாக்கு. அதில் எட்டு எதிர்வரிசையிலிருந்து போனவை. புறக்கணிப்பும் கட்சி தாவலும் வேறு வேறு காரியம்போல் தோன்றினாலும், வாக்கெடுப்புத் தாளில் இரண்டும் ஆளுங்கட்சிக்கே உதவுகின்றன.

கட்சி தாவலைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. அரசமைப்பின் 99(13) பிரிவின்படி கட்சியிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினர் ஒரு மாதத்தில் இருக்கையை இழப்பார். ஆனால் அவர் உச்ச நீதிமன்றம் போகலாம், நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் இருக்கை தங்கும். எதிர்க்கட்சிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தாவிய மறுநாளே கோபத்தில் கூட்டம் போட்டு நீக்கிவிடுகிறார்கள்; குற்றச்சாட்டை எழுத்தில் கொடுப்பதில்லை, பதில் சொல்ல அவகாசம் தருவதில்லை, முறையான விசாரணை வைப்பதில்லை. நீதிமன்றத்தில் அந்த நீக்கம் நிற்காது. படிப்படியாக நடத்தினால் நிற்கும் என்பதும் தெளிவாகிவிட்டது: முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய நசீர் அகமது 2023 அக்டோபரிலும், ஐக்கிய மக்கள் சக்தி நீக்கிய ஹரின் பெர்னாண்டோ, மனுஷ நாணயக்கார இருவரும் 2024 ஆகஸ்டிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இருக்கையை இழந்தார்கள். இன்றைய 66 பேரைக் கட்டிக்காக்க வேண்டிய கட்சிச் செயலாளர்கள் இந்தத் தீர்ப்புகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இடங்கள் அதிகம் இருந்தால் எதிர்க்கட்சி பலமாகிவிடும் என்பதும் உண்மையல்ல. 2022இல் ஐக்கிய மக்கள் சக்தி 54 பேரைத் தேர்தலில் வென்று வந்த கட்சி. பொருளாதாரம் சரிந்து பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகியபோது பிரதமர் பொறுப்பு அவர்கள் வாசலுக்கு வந்தது. நிபந்தனைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மே 12ஆம் தேதி, கட்சிக்கு ஒரே ஓர் இடம் வைத்திருந்த ரணில் விக்ரமசிங்க பதவியேற்றார். ஜூலை 20இல் நாடாளுமன்றமே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தபோது சஜித் போட்டியிலிருந்து விலகி டலஸ் அழகப்பெருமவை ஆதரித்தார். ரணிலுக்கு 134, டலஸுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. அந்த மூன்று வாக்கு பெற்றவர்தான் இரண்டு ஆண்டில் ஜனாதிபதி. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 3.16 சதவீதம், 2024 செப்டம்பரில் முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம். நெருக்கடிக்கு முன்பே பெரிய கட்சிகளின் தலைவர்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் ஆட்சியில் பங்கெடுத்திருந்ததால், ஆட்சியை எதிர்க்கும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் போய் நிற்க, தேசிய மக்கள் சக்தியின் மையக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணிக்கு ஊருக்கு ஊர் கிளையும், முழுநேர ஊழியர்களும், உறுப்பினர்களின் சம்பளத்தையே கட்சி நிதியில் சேர்க்கும் பழக்கமும் இருந்தன. தேர்தல் அறிவித்த பிறகு இவற்றை உண்டாக்க முடியாது.

இப்போது எதிர்வரிசையில் இருப்பவர்களின் கையில் என்னென்ன கருவிகள் உள்ளன? நாம் நினைப்பதைவிட அதிகம். நாடாளுமன்றத்தின் பொது நிதிக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக வேண்டும் என்பது நிலையியற் கட்டளை, அதாவது அவையின் நடைமுறை விதி; இப்போது அங்கே ஹர்ஷ டி சில்வா இருக்கிறார். அதிகாரிகளை வரவழைத்துக் கணக்குக் கேட்க அது போதும். தேர்தல் ஆணையம், காவல்துறை ஆணையம் போன்றவற்றுக்கு ஆள் பரிந்துரைக்கும் அரசமைப்புப் பேரவையில் பிரதமர், சபாநாயகரோடு எதிர்க்கட்சித் தலைவருக்கும் இருக்கை உண்டு. நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் கட்சித் தலைவர்கள் அவசரப் பொதுப் பிரச்சினைகளில் கேள்வி எழுப்பி அமைச்சரிடம் பதில் வாங்கலாம். கடலில் சிறைப்பட்ட மீனவர் பற்றியும் அப்படிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நீதிமன்றக் கெடு. நம் நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறிப் பல ஆண்டு கழித்தும் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல முடியும். இலங்கையில் முடியாது. சபாநாயகர் சான்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது. மசோதா அவையின் நிகழ்ச்சி நிரலில் ஏறிய பிறகு கிடைக்கும் சில நாட்களுக்குள் எந்தக் குடிமகனும் மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அந்த நாட்கள் போனால் போனதுதான். ஆகவே எதிர்க்கட்சி அலுவலகத்தில் அரசிதழை வாரந்தவறாமல் படிக்க ஓர் ஆள் வேண்டும், மனு எழுத வழக்குரைஞர் குழு ஆயத்தமாக வேண்டும். 2024 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டம் 108க்கு 62 என்று நிறைவேறியது. அதற்கு முன்பே பலர் நீதிமன்றம் போனதால்தான் ஏராளமான பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நீதிமன்றம் சொன்ன திருத்தம் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் பிறகு முறையிட்டன. ஆனால் சான்று எழுதியாகிவிட்டது. வாக்கெடுப்பு நேரத்தில் திருத்தங்களை வரி வரியாகச் சரிபார்க்க ஆள் வைக்காததன் விலை அது.

உள்ளூர் மன்றங்கள் இன்னொரு களம். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று அன்றைய அரசு நடத்தவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். அதில் தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 43.26 சதவீதம், ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய 61.56லிருந்து இது பெரிய இறக்கம். ஆனால் இறங்கிய வாக்கை எதிர்க்கட்சிகள் இடமாக மாற்றிக்கொள்ளவில்லை. கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர். தேசிய மக்கள் சக்திக்கு 48, எதிரில் 69. மேயர் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பாக நடந்தது: தேசிய மக்கள் சக்தி வேட்பாளருக்கு 61, எதிர் வேட்பாளருக்கு 54, செல்லாதவை 2. அறுபத்தொன்பது பேரை ஒரு பெயருக்குப் பின்னால் நிறுத்த முடியாதவர்கள், நாளை நாட்டை நடத்துவோம் என்று சொன்னால் வாக்காளர் எப்படி நம்புவார்?

மாகாண சபைகளின் கதை இன்னும் மோசம். வடக்கில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். எல்லைகளை மறுவரையறை செய்து புதிய முறையில் நடத்துவதென்று 2017இல் ஒரு சட்டம் வந்தது. அந்த எல்லை அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 139 பேர் எதிர்க்க, ஒருவர்கூட ஆதரிக்காமல் நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அதன் பிறகு வந்த அரசுகள் எல்லாம் இந்த இடைவெளிக்குள் வசதியாக இருந்துகொண்டன. நாடு முழுவதும் 61 சதவீதம் வாங்கிய கட்சிக்கு எதிராக ஒரு மாகாணத்தையாவது ஆண்டு காட்ட எதிர்க்கட்சிகளுக்கு இருந்த ஒரே வாய்ப்பு இதுதான். இதை எழுதும்போது நம் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ராமநாதபுரம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதற்கு முன் 2016 முதல் 2019 வரையும் அப்படியே. ஊராட்சித் தலைவர் இல்லாத ஊரில் கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு?

சிங்கப்பூரைக் காட்டி "எதிர்க்கட்சி இல்லாததால்தான் முன்னேறினார்கள்" என்று தொண்டியிலும் கீழக்கரையிலும் பேசுவோர் உண்டு. அங்கே பிழைக்கப் போன குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். அங்கும் எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. 2025 மேத் தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 65.57 சதவீத வாக்கு, 97இல் 87 இடம். அங்குள்ள எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 26 இடத்தில் மட்டும் நின்று 10 வென்றது. நின்ற இடங்களில் மொத்த வாக்கில் ஏறக்குறைய பாதி அவர்களுக்கு. 1991இல் ஹவ்காங் தொகுதியை வென்றவர்கள் அதை விடாமல் வைத்திருந்து, நகர மன்ற நிர்வாகத்தைத் தாங்களே நடத்திக் காட்டி, 2011இல் அல்ஜுனிட், 2020இல் செங்காங் என்று விரித்தார்கள். எல்லா இடத்திலும் நின்று பணத்தையும் ஆளையும் கரைக்காமல், பிடித்த இடத்தைக் காத்துக்கொண்டு நகர்வது ஒரு வழி. நம் மாநிலத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் 1957இல் 15, 1962இல் 50, 1967இல் ஆட்சி என்று வந்ததும் கூட்டணிக் கணக்கைச் சரியாகப் போட்டதால்தான். வாக்குப் பிரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இவற்றிலிருந்து நம் கரைக்கு உடனே செய்ய முடிகிற காரியங்கள் இரண்டு.

மீனவர் பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் சங்கப் பிரதிநிதிகள் இதுவரை பெரும்பாலும் அமைச்சரையும் அதிகாரிகளையும் எதிர்பார்த்தே போகிறார்கள். இன்றைய கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர், மாவட்டத்தில் நிற்காமல் கட்சியின் நாடளாவிய வாக்குக்குக் கிடைக்கும் தேசியப் பட்டியல் இடம் வழியாக வந்தவர். அவரைச் சந்திப்பது அவசியம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு 6, மன்னாரையும் உள்ளடக்கிய வன்னிக்கு 6 என வடக்கில் 12 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஆளுங்கட்சியினர் 5 பேர், மற்றவர்கள் 7 பேர். இந்தப் பன்னிரண்டு பேரின் பெயரும் ஒவ்வொருவரின் தொகுதி மீனவர் சங்கங்களின் கோரிக்கையும் நம் ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் எழுதி வைத்திருக்க வேண்டும். இரு தரப்பையும் சந்தித்து, பிடிபட்ட படகுகள், சிறையில் உள்ளவர்கள், எந்த நாட்களில் யார் எந்தக் கடலில் இறங்குவது என்பவற்றை எழுத்தில் கொடுத்து வர வேண்டும். ஆளுங்கட்சி மாறும், 2017இல் நம்மைத் தொட்ட சட்டம் எதிர்வரிசையிலிருந்து வந்தது.

அடுத்தது உங்களிடம். அண்டை நாட்டுத் தேர்தல் முடிவை வெளியிடும்போது இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வாக்குச் சதவீதத்தையும், யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல (அம்பாறை) ஆகிய ஐந்து மாவட்டங்களின் பட்டியல்வாரி வாக்குகளையும் தயவுசெய்து அச்சிடுங்கள். மீன்பிடி, எல்லை, அகதிகள் தொடர்பான மசோதா ஏதும் அந்நாட்டு அரசிதழில் வந்தால், நிறைவேறிய பிறகு செய்தி போடாமல், மனுப் போடும் கெடு முடியும் முன்பே வெளியிடுங்கள். அங்குள்ள உறுப்பினர்களிடம் நம் தரப்பைச் சொல்ல எங்களுக்கு அந்தச் சில நாட்கள்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கச்சிமடம், பாம்பன் வாசகர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்